சுகந்தி ஏன் பிந்தி வந்தாள்

மருத்துவமாது வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் நான் மாடுகளைப் பற்றிக் கதைக்கப்போகிறேன் என்றால் சிரிப்பு வரும். சிரியுங்கள். இரத்த அழுத்தம், இரத்தப்போக்கு, குறுக்கே கிடக்கும் குழந்தை எல்லாவற்றையும் பற்றிப் படிப்பித்துத்தான் உங்களை அனுப்பியிருக்கிறார்கள். ஆனால் என் சேவைக் காலத்தில் ஒரு தாயை நானே சாவுக்குக் கிட்டக் கொண்டுபோய் விட்டேனே, அது இவற்றில் எதனாலும் நடக்கவில்லை. ஒரு பசுமாட்டினால் நடந்தது. இன்னும் சரியாகச் சொன்னால், மாடுகளைப் பற்றி அவள் சொன்ன ஒரு வசனத்தை நான் காதில் வாங்காததால் நடந்தது.

எண்பத்து மூன்றில் எனக்குப் பண்டத்தரிப்புப் பக்கத்தில் நியமனம் கிடைத்தது. கிளினிக் நடந்த பழைய கட்டடம் ஊருக்கு வெளியே, ஒரு தரவைக்கு அந்தப் பக்கம் இருந்தது. மாரியில் தண்ணீர் நிற்கும், மற்ற நாட்களில் மாடு மேயும் வெறும் நிலத்தைத்தான் அங்கே தரவை என்பார்கள். அதன் நடுவால் ஓர் ஒற்றையடிப் பாதை. அதால் போனால் பத்து நிமிடம். றோட்டால் சுற்றிப் போனால் முக்கால் மணித்தியாலம். நான் ஏழு வருடமாக அந்தப் பாதையால்தான் சைக்கிளை உருட்டிக்கொண்டு போய் வந்தேன். அந்த நாளில் தரவையில் நின்ற மாடுகள் எல்லாம் முளையடித்துக் கட்டிய மாடுகள். கயிறு எட்டும் தூரம்தான் அவற்றின் உலகம்.

தொண்ணூறில் சண்டையால் வலிகாமம் வடக்கிலிருந்து சனம் இடம்பெயர்ந்து வந்தது. பானை சட்டி, பாய், கிழவர்களை ஏற்றிய சைக்கிள்கள், அவற்றோடு மாடுகளும் வந்தன. ஆட்களுக்கே பள்ளிக்கூடத்திலும் கோயில் மடத்திலும்தான் இடம். மாடுகளுக்கு எங்கே இடம்? தரவையில் அவிழ்த்து விட்டார்கள். புது இடம், புது மணம், பக்கத்தில் நிற்பதெல்லாம் அறியாத மாடுகள், கயிறும் இல்லை. இதெல்லாவற்றையும் நான் என் இரண்டு கண்ணாலும் பார்த்துக்கொண்டுதான் நடந்தேன். பார்த்தேனே தவிர, தரவை மாறிவிட்டது என்று ஒருநாளும் நினைக்கவில்லை. பழகிய பாதையில் எங்களுக்கு இப்படி ஒரு குருட்டுத்தனம் வந்துவிடும்.

சுகந்திக்கு அப்போது இருபத்து நாலு வயது. கணவன் கணேசன் வெங்காயம் வைக்கிற தோட்டக்காரன். முதல் பிள்ளை ஏழாம் மாதத்தில் வயிற்றிலேயே இறந்து பிறந்தது. இது இரண்டாவது. இரத்த அழுத்தம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டு வந்தது. இரண்டு கிழமைக்கு ஒருமுறை வரும் டொக்டர் அவளைப் பார்த்தேயாகவேண்டும் என்பது எனக்கு மனக்கவலை. இராணுவ ஹெலிகொப்டர் சுற்றத் தொடங்குவதற்கு முன் சனம் வீடு போய்ச் சேரவேண்டும் என்று டொக்டர் பத்தரைக்கே கிளினிக்கை முடித்துவிடுவார். சுகந்தி இரண்டு முறை அவர் போன பிறகுதான் வந்தாள். வேர்த்துக் களைத்து, கால் வீங்கி வந்தாள்.

இரண்டாம் முறை எனக்குப் பொறுமை போய்விட்டது.

"சுகந்தி, டொக்டர் போய் அரை மணித்தியாலம். நீர் இப்பதான் ஆடி அசைஞ்சு வாறீர்."

"நான் றோட்டாலை சுத்தி வாறனான் மிஸ்ஸி. அதுதான் பிந்துது."

"ஏன் சுத்தி வாறீர்? தரவையாலை வந்தால் பத்து நிமிசமெல்லோ?"

"மாடுகள் நிக்குது மிஸ்ஸி. பயமாக் கிடக்கு."

வாங்குப் பலகையில் இருந்த பெண்களில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு உற்சாகம் தந்திருக்கவேண்டும்.

"தோட்டக்காரன்ரை பெண்சாதிக்கு மாட்டுக்குப் பயமெண்டால் ஆர் நம்புவினம்? நான் ஏழு வருசமா அதாலைதான் வாறன். என்னை ஒரு மாடும் தின்னேல்லை. முதல் பிள்ளைக்கு நடந்தது உமக்கு மறந்து போச்சோ? அடுத்தமுறை டொக்டர் நிக்கேக்கை வாரும்."

அவள் முகம் செத்துப்போயிற்று. "ஓம் மிஸ்ஸி" என்றாள். அவ்வளவுதான்.

நான் அவளைக் கெட்ட எண்ணத்தில் ஏசிப் பேசவில்லை. அவளுடைய பிள்ளை தப்பவேண்டும் என்றுதான் பேசினேன். இந்த வேலையில் நாங்கள் சொல்லும் மோசமான சொற்களில் பாதி இப்படி அக்கறையிலிருந்துதான் வருகிறது. அதனால் அவை பிழை என்று எங்களுக்கே தெரிய வருவதில்லை.

அடுத்த கிளினிக் நாளன்று ஒன்பதரை இருக்கும். நான் விறாந்தையில் நின்றேன். தரவையின் அந்தக் கரையில் சுகந்தி வருவது தெரிந்தது. பாதையால்தான் வந்தாள். பேசினது பலித்துவிட்டது என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம். அதையும் மறைக்காமல் சொல்லுகிறேன். அவளுக்குப் பின்னால் அவர்களுடைய வீட்டு நாய் வந்துகொண்டிருந்தது. பயத்துக்குத் துணையாக அவள்தான் கூட்டி வந்திருக்கிறாள்.

பாதையோரம் ஓர் ஈச்சம்பத்தை, புதராக அடர்ந்து நின்றது. அதிலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு செவலைப் பசு தனியே நின்றது. மற்ற மாடுகள் எல்லாம் தூரத்தில் மேய்ந்தன. நாய் பாதையை விட்டு விலகி, மோந்து மோந்து பத்தையடிக்குப் போனது. பசு தலையைத் தூக்கிப் பார்த்தது. நாய் இன்னும் கிட்டப் போனது. அப்படியொரு பாய்ச்சலை நான் பசுமாட்டில் கண்டதேயில்லை. நாய் கத்திக்கொண்டு திரும்பி ஓடியது. பயந்த நாய் எங்கே ஓடும்? தன் ஆளிடம்தான். நேரே சுகந்தியின் காலுக்குள் வந்து நுழைந்தது. அவள் திரும்பி ஓடப் பார்த்தாள், இடறினாள், விழுந்தாள். நாய் தப்பி ஓடிவிட்டது. பசு சுகந்தியிடம் வந்து நின்றது.

தலையால் இடித்தது. பிறகும் இடித்தது. சுகந்தி வயிற்றை இரண்டு கையாலும் மூடி, முழங்காலை மடக்கி, முதுகை மாட்டுக்குக் கொடுத்துக்கொண்டு கிடந்தாள்.

நான் ஓடினேன். என் பின்னால் கிளினிக்குக்கு வந்த பெண்கள் குடையும் தடியுமாகக் கத்திக்கொண்டு ஓடி வந்தார்கள். நாங்கள் கிட்டப் போகப் போகப் பசு எங்கள் பக்கம் தலையைத் தாழ்த்தி, காலால் மண்ணை வாரியது. ஆனால் விலகவில்லை. சுகந்திக்கு மேலேயே நின்றது. எங்கள் சத்தம் கூடக் கூட அது இன்னும் மூர்க்கமானது.

"சத்தம் போடாதேங்கோ! நில்லுங்கோ எல்லாரும்!"

ஒரு வயதான ஆள், சாரத்தை மடித்துக் கட்டியபடி பக்கவாட்டாக ஓடி வந்தார். அவர் யாரென்று எனக்குத் தெரியாது. நாற்பது அடி தூரத்தில் ஒரு கர்ப்பிணி மண்ணில் கிடக்கிறாள். முன்பின் தெரியாத ஒருவர் நில் என்கிறார். யோசிக்க நேரமில்லை. நான் கவனித்தது ஒன்றைத்தான். அந்தக் கூட்டத்தில் அவர் ஒருவர்தான் சுகந்தியைப் பார்க்காமல் மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் இரண்டு கையையும் விரித்துப் பெண்களை மறித்தேன். "நில்லுங்கோ! வாயை மூடுங்கோ!"

ஓடுவதைவிட நிற்பது எவ்வளவு கடினம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவர் பசுவை நோக்கிப் போகவில்லை. சுற்றி வளைத்துப் பத்தைக்குள் போனார். "ஒண்டுமில்லையடி, ஒண்டுமில்லை, நான்தான்" என்று தாழ்ந்த குரலில் கதைத்துக்கொண்டே குனிந்து எதையோ தூக்கினார். கன்றுக்குட்டி. பிறந்து ஒரு நாள்கூட இராது. அதை மார்போடு அணைத்துக்கொண்டு எங்களுக்கு எதிர்ப்பக்கமாக மெல்ல நடந்தார். கன்று ஒருதரம் கத்தியது. பசு திரும்பிப் பார்த்தது. சுகந்தியை விட்டுவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் அவருக்குப் பின்னால் போனது.

நான் சுகந்தியிடம் போய் முழங்காலில் விழுந்தேன். அவளுக்கு நினைவு இருந்தது. முதுகிலும் இடுப்பிலும் அடி. மூச்செடுக்க நொந்தது.

"பிள்ளை இருக்கோ மிஸ்ஸி?"

சட்டைப்பையில் கிடந்த, பிள்ளையின் துடிப்புக் கேட்கும் குழலை அவள் வயிற்றில் வைத்துக் காதைக் கொடுத்தேன். முதலில் என் இதயம் அடிப்பதுதான் கேட்டது. பிறகு ஒரு துடிப்பு கேட்டது. "ஓம், இருக்கு" என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். அந்த "ஓம்" அவளைவிட எனக்குத்தான் கூடத் தேவைப்பட்டது. அதனாலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. அவள் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். இரண்டு துடிப்பும் ஒன்றாகவே போயின. நான் கேட்டது பிள்ளையுடையதல்ல, அவளுடையது.

எங்கள் தவறை மறைக்கும் விடை ஒன்றை எங்கள் காது தேடிக்கொண்டிருக்கும்போது, அந்தக் காதை நம்பாதேயுங்கள். இதைமட்டும் நான் உங்களிடம் இரந்து கேட்பேன்.

குழலை மாற்றி வைத்தேன். இன்னொரு இடம். இன்னும் ஓர் இடம். இடது பக்கம் கீழே, மெல்லிசாக, மணிக்கட்டைவிட வேகமாக ஒன்று அடித்தது. சிலவேளை தயங்கி, பிறகு அடித்தது. வயிற்றின் ஒரு பக்கம் பலகைபோல் இறுகிக்கொண்டு வந்தது. உள்ளே இரத்தம் கசிகிறதென்று பயந்தேன்.

"இருக்கு சுகந்தி. ஆனால் நாங்கள் கெதியாப் போகவேணும்."

கிளினிக்கிலேயே கிடத்தி டொக்டருக்குக் காட்டுவோம் என்றார்கள் சிலர். பக்கத்துச் சின்ன ஆசுபத்திரிக்குக் கொண்டுபோவோம் என்றார்கள் சிலர். வயிற்றை வெட்டிப் பிள்ளையை எடுக்கவேண்டி வந்தால் அங்கே வசதியில்லை என்று எனக்குத் தெரியும். டொக்டர் ஓடி வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். "நேரே பெரியாசுபத்திரிக்குக் கொண்டுபோங்கோ" என்று துண்டு எழுதித் தந்தார். பெற்றோல் கிடையாத காலம், மண்ணெண்ணெயில் ஓடும் பழைய கார் ஒன்று ஊரில் இருந்தது. நாலைந்து பேர் அதைத் தள்ளியே உயிர்ப்பித்துக் கொண்டுவந்தார்கள். தோட்டத்திலிருந்து ஓடி வந்த கணேசன், காலில் சேறோடு முன்சீற்றில் ஏறினான். பின்னால் சுகந்தியை இடப்பக்கம் சரித்துக் கிடத்தி, நான் கீழே குந்திக்கொண்டேன். புகை கக்கிக்கொண்டு கார் போனது.

வழியில் அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"மிஸ்ஸி, நாய் தப்பிட்டுதோ?"

"தப்பிட்டுது" என்றேன். அதற்குப் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

ஆசுபத்திரியில் அவளைப் பார்த்த டொக்டர் கேட்டார். "உந்த வயித்தோடை மாடுகளுக்குள்ளாலை ஏனம்மா நடந்தனீர்?" சுகந்தி என்னைப் பார்த்தாள். "குறுக்காலை வந்தால் கெதியா வரலாம் எண்டு நானாத்தான் வந்தனான் டொக்டர்" என்றாள். நான் பக்கத்தில் நின்றேன். வாய் திறக்கவில்லை. தள்ளுவண்டியில் அவளை உள்ளே கொண்டு போனார்கள்.

பெண்பிள்ளை. மிகவும் சின்னது. பிறந்து அழக் கொஞ்ச நேரம் எடுத்தது, ஆனால் அழுதது. சுகந்திக்கு இரண்டு விலா எலும்பு முறிவு, இடுப்பில் வெடிப்பு. நிறைய இரத்தம் போயிருந்தது. கணேசனும் அவன் தமையனும் இரத்தம் கொடுத்தார்கள். இரண்டு உயிரும் தப்பின.

மூன்றாம் நாள் காலை கணேசன் கோடாலியோடு மடத்துப் பக்கம் போகிறான் என்று கேள்விப்பட்டு, நான் சைக்கிளில் விழுந்தடித்துக்கொண்டு போனேன். கன்றைத் தூக்கிய அந்தப் பெரியவருடைய பெயர் தில்லையம்பலம். மூன்று ஏக்கர் தோட்டத்தை விட்டுவிட்டு, இந்த ஒரு பசுவை மட்டும் நடத்திக் கூட்டிக்கொண்டு வந்தவர். மடத்து வாசலில், பசுவின் கழுத்துக் கயிற்றைக் கையில் பிடித்தபடி குந்தியிருந்தார். நான் போய்ச் சேர்ந்தபோது கணேசன் அவருக்கு முன்னால் நின்றான்.

"உம்மடை மாடு என்ரை மனுசியைக் கொல்லப் பாத்ததெல்லோ! அதை ஏன் அவிட்டு விட்டனீர்?"

"கட்ட இடமில்லை தம்பி" என்றார் அவர். "ஒவ்வொரு காணிக்காரரிட்டையும் கேட்டுப் பாத்தன். ஒரு முளை அடிக்க மட்டும் இடம் கேட்டன். ஒருத்தரும் தரேல்லை. மூண்டு நாளா நான்தான் முளை. கயித்தை விட்டிட்டு ஒரு வாய் தண்ணிக்கும் எழும்பேல்லை."

கயிறு அறுத்து அவருடைய உள்ளங்கை இரண்டும் உரிந்திருந்தது.

"அதை வித்துப்போடச் சொன்னால் விக்கிறன். இறைச்சிக்குக் குடுக்கச் சொன்னாலும் குடுக்கிறன். அந்தப் பிள்ளை எப்பிடி இருக்குது எண்டு மட்டும் சொல்லு தம்பி."

கணேசன் கோடாலியை மற்றக் கைக்கு மாற்றினான். நான்தான் கதைத்தேன். "கணேசன், உம்மடை மனுசியைத் தரவையாலை வரச் சொன்னது நான். பயமாக் கிடக்கு எண்டு அவ சொன்னவ. நான் எல்லாருக்கும் முன்னாலை பேசினனான். கோவிக்கிறதெண்டால் என்னைக் கோவியும்."

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை. பிறகு கோடாலியின் பின்பக்கத்தைத் திருப்பிப் பிடித்தான். "எங்கடை வெறுங்காணி ஒண்டு கிடக்குது. வேலி இருக்கு" என்று பெரியவரிடம் சொன்னான். "உமக்காக இல்லை. ஊர்ச்சனம் பயமில்லாமல் நடக்கவேணும். எழும்பும், முளை அடிச்சுத் தாறன்." பசுவை அவன் கடைசிவரை நிமிர்ந்து பார்க்கவில்லை.

முளை அடித்த பிறகு, தில்லையம்பலத்தாரிடம் ஒரு மாணவியைப்போலக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கூட்டத்தை விட்டுத் தனியே நிற்கிற பசு, கிட்ட எங்கேயோ கன்றை ஒளித்து வைத்திருக்கும். அந்த இடத்தைப் பெரிதாகச் சுற்றிப் போகவேண்டும். தாய்க்கும் கன்றுக்கும் நடுவே ஒருநாளும் போகக்கூடாது. மாடுகளுக்குள் நாயைக் கூட்டிப் போகக்கூடாது, போனாலும் மாடு பாய்ந்தால் நாயை விட்டுவிடவேண்டும், அது தப்பிக்கொள்ளும். மாடு தலையைத் தூக்கி உற்றுப் பார்த்தால், அதுதான் அது சொல்லுகிற முதல் வார்த்தை. அப்போதே, ஓடாமல், முதுகு காட்டாமல், மெல்லப் பின்வாங்கவேண்டும். "மாடு சும்மா பாயாதம்மா. அது முதல்லை சொல்லும். நாங்கள்தான் கேக்கிறேல்லை" என்றார். அவர் மாட்டைப் பற்றித்தான் சொன்னார். எனக்கு அது வேறு இடத்தில் போய்த் தைத்தது.

மாத அறிக்கையில் நடந்ததை எழுதினேன். "தாய் அச்சம் தெரிவித்தும், தரவைப் பாதையால் வரும்படி நான் வற்புறுத்தினேன்" என்று ஒரு வரி. எங்கள் மேலதிகாரி நல்ல மனிதர். என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"இந்த வரி கட்டாயம் வேணுமே? உங்கடை சேவைப் புத்தகத்திலை கிடக்கும்."

"ஓம் சேர், கிடக்கட்டும்."

"ஏன்?"

"இந்த வரியை எடுத்தால், ஒரு பொம்பிளை தன்ரை கவனக்குறைவாலை மாட்டிட்டை இடி வாங்கினா எண்டுதான் இருக்கும். கிளினிக் பிழையான இடத்திலை இருக்கெண்டு ஆருக்கும் தெரியாது."

அவர் வரியை வெட்டாமல் அப்படியே விட்டார். அதே அறிக்கையைக் காட்டித்தான், கிளினிக்கைத் தரவைக்கு இந்தப் பக்கம், ஊருக்குள் இருந்த வாசிகசாலைக்கு மாற்ற அனுமதி எடுத்தார். எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதமும் வந்தது. நியாயமான கடிதம்.

வாசிகசாலையில் நடந்த முதல் கிளினிக்குக்கு சுகந்தி பிள்ளையோடு வந்தாள். ஒரு காலைச் சற்று இழுத்து நடந்தாள். அந்த நடை அவளுக்குக் கடைசிவரை மாறவில்லை. பிள்ளையை நிறுத்து முடித்த பிறகு, வாங்கில் இருந்த எல்லோரும் கேட்கத்தக்கதாகவே சொன்னேன். எல்லோருக்கும் முன்னால் அவளைப் பேசினவள், எல்லோருக்கும் முன்னால்தானே மன்னிப்புக் கேட்கவேண்டும்.

"சுகந்தி, பயமெண்டு நீர் சொல்லேக்கை நான் கேட்டிருக்கவேணும். என்னிலைதான் பிழை."

"ஓம் மிஸ்ஸி" என்றாள் அவள். பரவாயில்லை என்று சொல்லவில்லை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு போனாள். அவள் சொன்னதுதான் சரி என்று இன்றைக்கும் நினைக்கிறேன். பரவாயில்லை என்று அவள் சொல்லியிருந்தால் நான் மறந்திருப்பேன்.

அவள் போன பிறகு, வரிசையில் கடைசியாக இருந்த ஒரு பெண் எழும்பி வந்தாள். இடம்பெயர்ந்து வந்தவள், ஆறு மாதக் கர்ப்பிணி. அவளும் அவளுடைய அக்காவும் ஒரு கிளினிக்குக்கு வந்தால் அடுத்ததுக்கு வரமாட்டார்கள். இரண்டு பேரின் அட்டையிலும் ஒழுங்காக வருவதில்லை என்று சிவப்பு மையால் எழுதி வைத்திருந்தேன்.

"மிஸ்ஸி, நானும் ஒண்டு சொல்லட்டே? பேசமாட்டியளே?"

"சொல்லும் பிள்ளை."

அவள் குரலைத் தாழ்த்தினாள். "வெளியிலை உடுத்துக்கொண்டு வாறதுக்கு எங்கள் ரெண்டு பேருக்கும் ஒரு சீலைதான் மிஸ்ஸி. உடுத்த உடுப்போடைதானே வெளிக்கிட்டனாங்கள். இந்தமுறை நான். அடுத்தமுறை அக்கா."

நான் பேனையை மூடினேன்.

"அக்காவுக்கு இப்ப எத்தினை மாசம்?"

"எட்டு."

அன்று கிளினிக் முடிந்ததும் அவளோடு போனேன். ஒரு வீட்டின் பின்பக்கம், தென்னங்கிடுகால் மறைத்த ஒரு துண்டு இடம். தங்கை உள்ளே போய் ஏதோ சொன்னாள். உள்ளே அவசரமாக எதையோ தேடும் சத்தம் கேட்டது. "கொஞ்சம் பொறுங்கோ மிஸ்ஸி, உள்ளுக்கு வந்திடாதேங்கோ, தங்கச்சியிட்டைச் சீலையை மாத்திக்கொண்டு வாறன்" என்றது அக்காவின் குரல்.

நான் வெளியில், வெயிலில், கிடுகுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

"அவசரமில்லைப் பிள்ளை" என்றேன். "ஆறுதலா வாரும். நான் நிக்கிறன்."